பட்டன் ஊசியும் என் வெள்ளைச் சட்டையும்

ஆஸ்பத்திரிக்குச் சாமான் கொண்டுபோகிறவன் தொழில், நாலு பேர் அழுகிற இடத்தில் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு போய் நிற்கிற தொழில். மாத்திரை விற்றவர்கள், பஞ்சு விற்றவர்கள், ஆக்சிஜன் சிலிண்டர் உருட்டியவர்கள், "சார் ரவுண்ட்ஸ்ல இருக்கார்" என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்ம ஆட்களுக்குச் சொன்னால் புரியும். மற்றவர்களும் படிக்கலாம். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம்.

நான் வேலை பார்த்தது காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. முதலில் பாட்டில் மூடி செய்தோம், பிறகு டியூப், அதற்கும் பிறகு கேனுலா. ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் குத்தி ப்ளாஸ்டர் ஒட்டி வைப்பார்களே, அதுதான். உள்ளே ஊசி, அதன் மேல் மெல்லிசாக ஒரு குழாய். குத்தியதும் குழாய் நரம்பிலேயே தங்கும், ஊசியை உருவிவிடுவார்கள். உருவின ஊசி நர்ஸ் கையில் குத்தினால் நோயாளியின் வியாதி நர்ஸுக்கு வரலாம். அதைத் தடுக்க எங்கள் கம்பெனி ஒரு புது ஊசி செய்தது. பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங், ஊசியை வெடுக்கென்று பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். லைசன்ஸ் வாங்கியாயிற்று. நர்ஸ் கைக்கு ஒத்து வருகிறதா என்று பார்ப்பதுதான் பாக்கி. கும்மிடிப்பூண்டி பக்கம் ஹைவே ஓரமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், எமர்ஜென்சியில் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவதாகச் சொன்னார்கள். ரிடையராகி வீட்டில் என் மனைவிக்கு இடைஞ்சலாக இருந்த என்னை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். பொய் சொல்வதில் என்னை அடிக்கத் திருவள்ளூர் ஜில்லாவில் ஆள் கிடையாது என்பது கம்பெனி வாட்ச்மேனுக்குக் கூடத் தெரியும். விற்பனைக்கு வேறு என்ன தகுதி வேண்டும்?

பஸ்ஸில் வந்த கை

கம்பெனியில் ஒரு ரப்பர் கை உண்டு. தோள் வரைக்கும் இருக்கும். உள்ளே நரம்பு மாதிரி குழாய்கள் ஓடும். அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மேலே குத்திப் பார்க்கலாம். வாங்கின புதிதில் சிவப்புச் சாயம் கலந்துதான் ஊற்றினோம். அது ஒழுகி, முதலாளியின் மேஜை ஏதோ கொலை நடந்த இடம் மாதிரி ஆனதும், இனிமேல் வெறும் தண்ணீர் போதும் என்று உத்தரவு போட்டுவிட்டார். இந்தச் சாயச் சமாசாரத்தை ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தக் கையைப் பையில் போட்டுக்கொண்டு முதல் நாள் பஸ் ஏறினேன். விரல்கள் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பெரியபாளையம் தாண்டியதும் பக்கத்து சீட்காரர் எழுந்து நின்றுகொண்டே வந்தார். கண்டக்டர் அந்தக் கைக்கும் டிக்கெட் கேட்டார் என்றும், ஆள் முழுசாக இல்லாததால் அரை டிக்கெட்தான் என்று நான் வாதாடி ஜெயித்தேன் என்றும் எமர்ஜென்சியில் போய்ச் சொன்னேன். நர்ஸுகள் சிரித்தார்கள். அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டால் நாற்காலி கிடைக்கும், நம்ம தொழிலில் அது பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

அமலி என்பவள்தான் அந்த ஷிப்டுக்கு இன்சார்ஜ். அத்திப்பட்டுப் பக்கத்துப் பெண். பார்த்த அன்றைக்கே என்னை நைனா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ரப்பர் கையில் பட்டன் ஊசியைக் குத்தினாள், அழுத்தினாள், ஊசி உள்ளே போய்விட்டது. இன்னொன்று எடுத்துக் குத்தினாள், அதுவும் போய்விட்டது. சொட்டுத் தண்ணீர் கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ரப்பர் கையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் கரெக்டாதான் கீது நைனா. ஆனா இந்தக் கை உதறாது, குடிச்சிட்டு வந்து எட்டி ஒதைக்காது, எங்க அம்மாவ கூப்புடுன்னு அழாது. நெசக் கையில போட்டுப் பாத்துட்டு அப்பால பேசலாம்."

மெத்தை ஓரம்

எமர்ஜென்சியில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பாடத்திலும் இருக்காது, எந்த நர்ஸும் ஒப்புக்கொள்ள மாட்டாள். குழாய் நரம்பில் ஏறியதும் அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்தாக வேண்டும், விட்டால் ரத்தம் கொட்டும். இன்னொரு கையில் உருவின ஊசி. ஊசி போடும் டப்பா டிராலியில் இருக்கும், டிராலி வேறு கட்டிலுக்குப் போயிருக்கும். ப்ளாஸ்டர் ஒட்ட இரண்டு கையும் வேண்டும். அந்த ஒரு நொடிக்காக ஊசியை மெத்தை ஓரத்தில் குத்தி நிறுத்துவார்கள், தையற்காரர் சட்டைக் காலரில் குத்திக்கொள்கிற மாதிரி. தையற்காரர் மறந்தால் அவர் கழுத்தோடு போயிற்று. இங்கே மறந்தால் அடுத்து வருகிறவளுக்கு.

நான் அங்கே போவதற்குக் கொஞ்ச காலம் முன்னால், அடுத்து வந்தவள் அமலி. நோயாளியைப் புரட்ட மெத்தைக்கடியில் கையைக் கொடுத்திருக்கிறாள். யாரோ குத்தி மறந்த ஊசி, யாருடைய ரத்தம் என்றே தெரியாத ஊசி, உள்ளங்கையில் ஏறிவிட்டது. எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க ஒரு மாதம் மாத்திரை. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. வீட்டில் தனக்கென்று தட்டும் டம்ளரும் ஒதுக்கி வைத்துக்கொண்டாள், அதெல்லாம் தேவையில்லை என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. சின்ன மகள் முத்தம் கொடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். கடைசியில் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தது. பயம் மட்டும் போகவில்லை. கட்டிலைத் தொடுமுன் மெத்தை ஓரத்தை ஸ்கேலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவாள்.

நோயாளியோடு வந்தவர்களிடம் டாக்டர் சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகு, அமலி முதல் தடவையாக நிஜமான ஒரு கையில் எங்கள் ஊசியைப் போட்டாள். பட்டனை அழுத்தினாள். ஊசி கூட்டுக்குள் காணாமல் போயிற்று. குத்துவதற்கு ஒன்றும் இல்லாத அந்தப் பிளாஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்: "இத்த மட்டும் இந்த ஆஸ்பத்திரி வாங்கிடுச்சுன்னா நைனா, நான் ஊட்டுக்குப் போயி எம் பொண்ணு பக்கத்துல பயமில்லாம படுப்பேன்."

கால் நரம்பு

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் ரயிலில் ரொம்ப தூரத்திலிருந்து வருகிறார்கள். ஒருநாள் உலைக் குழம்பு தெறித்து ஒருவனைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கையும் வெந்துபோயிருந்தன. நரம்பு தேட இடமே இல்லை. சந்திரா என்று கண்ணாடி போட்ட சீனியர் நர்ஸ் ஒருத்தி, கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்துவிட்டு, வெறும் விரலால் அவன் கணுக்காலைத் தடவினாள். இதுவும் எந்தப் பாடத்திலும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு வீணைக்காரர் தந்தி பார்ப்பது போலப் பார்த்து, ஒரே குத்து. பட்டன் ஊசி சொன்னபடி கேட்டது. எனக்கு உள்ளூரப் பெருமை. கம்பெனிக்கு என்ன சொல்லலாம் என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு நின்றேன்.

கதவருகில் அவன் கூட்டாளி ஒருவன் அடிபட்டவனின் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நாம் சட்டையும் டையுமாக நின்றால் எல்லோருக்கும் டாக்டராகத் தெரிவோமே, அந்த மரியாதையில் என்னிடம் வந்து, தெரிந்த தமிழில் கேட்டான்: "அண்ணே, கால்ல ஊசி போட்டா, நாளைக்கு டூட்டி நிக்க முடியுமா?"

ஓவர்டைம் கேட்காத பூநாரை

என் பொய்களுக்கு அங்கே ஒரு உபயோகம் இருந்தது. ஊசியைக் கண்டு கையை உதறுகிறவர்களிடம் என்னை அனுப்புவார்கள். நான் பக்கத்தில் போய் எதையாவது அவிழ்த்துவிடுவேன். அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை தானாக அசையாமல் நிற்கும், நர்ஸ் வேலையை முடித்துவிடுவாள். இரண்டு நர்ஸ் சேர்ந்து பிடிப்பதற்கு ஒரு கிழவன் சமம் என்று சந்திரா சொல்வாள்.

பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவர் ஒருவரை நெஞ்சு வலி என்று கொண்டுவந்தார்கள். வியர்வையில் ப்ளாஸ்டர் ஒட்டவில்லை, கையைப் பிடிக்கவிடவில்லை. நான் அவரிடம் பூநாரைக் கதையை ஆரம்பித்தேன். எங்கள் முதலாளி பழவேற்காட்டுக்கு வந்து ஒரு பூநாரையைப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொண்டார், அது நாளெல்லாம் ஒற்றைக்காலிலேயே நிற்கும், உட்கார நாற்காலி கேட்காது, ஓவர்டைம் கேட்காது, மீன் மட்டும் வேண்டும் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏரிக்காரரிடம் போய்ப் பூநாரையைப் பற்றிப் பொய் சொன்னால் விடுவாரா? எந்த மீன் என்று கேட்டார். அமலி அதற்குள் ஊசியை ஏற்றிவிட்டாள். இறால்தான் கேட்கிறது, அதுவும் உரித்த இறால் என்றேன். அவர் வாய் ஒரு பக்கமாகச் சிரிக்கப் போயிற்று. அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் வந்து என்னைத் தள்ளிவிட்டு அவர் மார்பை அழுத்த ஆரம்பித்தார். ரொம்ப நேரம் அழுத்தினார்.

வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தபோது அவர் மனைவி வந்தார். உள்ளே போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கடைசியாக அவரிடம் பேசிக்கொண்டிருந்தவன் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அழவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "சிரிச்சாப்புல கீதே மொகம், அவராண்ட இன்னா சொல்லினு இருந்த நீ?"

துருப் புள்ளி

நான் வேலைக்கு வெள்ளைச் சட்டைதான் போடுவேன். வெள்ளைச் சட்டை போட்டவன் சொல்லும் பொய்க்கு மதிப்பு அதிகம். அந்த நாட்களில் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவி சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மார்பிலும் கைப்பக்கத்திலும் துரு மாதிரி புள்ளிகள், கடுகை விடச் சின்னது. ஆஸ்பத்திரி ஜன்னல் கம்பியில் சாய்ந்திருப்பேன் என்றேன். கம்பி புள்ளி புள்ளியாகவா துருப்பிடிக்கும் என்று கேட்டாள். என்னோடு குடித்தனம் நடத்தி அவளுக்குக் குறுக்கு விசாரணை நன்றாக வரும்.

மறுநாள் சந்திராவைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. எமர்ஜென்சியில் எங்கே பார்த்தாலும் ரத்தம், எதிலிருந்து எது வந்தது என்று யார் பார்ப்பார்கள்? நான் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். பட்டனை அழுத்தியதும் ஸ்பிரிங் ஊசியை இழுக்கிற வேகத்தில், கூட்டின் வாயிலிருந்து ஒரு பொட்டு ரத்தம் தெறித்தது. ஒவ்வொரு தடவையும் இல்லை, சில தடவை. சந்திராவின் கண்ணாடியில் ஒன்று, என் சட்டையில் ஒன்று.

அமலியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்குக் கண்ணாடி கிடையாது, அதனால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு அழுத்தச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் விளையாடவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் ட்ரேயில் இருந்த பட்டன் ஊசிகளை என் கைக்கு எட்டாமல் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்: "ஊசி குத்தலியே நைனா, அது போதும் எனக்கு. நீ எதையாச்சும் சொல்லி இத்தையும் புடுங்கினு போயிடாத."

கம்பெனி நம்பவில்லை

காக்களூர் போய்ச் சொன்னேன். இந்த ஊசியை வரைந்தவன் பரணி என்ற இன்ஜினியர். நல்ல பிள்ளை, என்னைக் கேலி செய்யாத ஒரே ஆள். நான் சொன்னதும் உடனே ரப்பர் கையை எடுத்து வைத்து, தண்ணீர் ஊற்றி, வெள்ளைக் காகிதத்தைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தான். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அப்போதும் வெள்ளைதான். என் சட்டையைக் காட்டினேன். என் மனைவி துவைத்து, வெயிலில் போட்டு, புள்ளிகளை முக்கால்வாசி ஒழித்திருந்தாள். மீதி இருந்தது வெற்றிலைச் சாறு மாதிரி தெரிந்தது. நான் வெற்றிலை போடுகிறவன் என்பது ஊரறிந்த விஷயம்.

முதலாளி அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பூநாரையை வேலைக்கு வைத்த கதை அதற்குள் அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. ஏரிக்காரர் போன கதை மட்டும் வரவில்லை. முதலாளி கெட்டவர் இல்லை. வாராவாரம் திருப்பாச்சூர் கோயிலுக்குப் போய், நெற்றி நிறைய விபூதியோடு வருகிறவர். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "போன வாரம் பூநாரைக்கு ஓவர்டைம், இந்த வாரம் ஊசி எச்சில் துப்புதா? பெரியவரே, ஒரு கதையாவது நமக்கு வியாபாரம் ஆகற மாதிரி சொல்லுங்க."

கண்

ஹைவேயில் லாரி கவிழ்ந்து கிளீனர் ஒருவனைத் தூக்கிவந்தார்கள். வயிற்றில் அடி. நினைவு இல்லை, கூட வந்தவர் யாரும் இல்லை. நரம்பு உள்ளே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அமலி கிட்டத்தில் குனிந்துதான் தேட வேண்டியிருந்தது. ட்ரேயில் பழைய ஊசியும் இருந்தது, எங்கள் ஊசியும் இருந்தது. அவள் கை எங்கள் ஊசிக்குப் போயிற்று. குத்தினாள், கிடைத்தது, குனிந்தபடியே பட்டனை அழுத்தினாள். அழுத்தியவள் இடது கண்ணை ஒரு தடவை சிமிட்டினாள். குழாயை விடவில்லை. ப்ளாஸ்டர் ஒட்டி, ட்ரிப்ஸைத் திறந்துவிட்டு, சொட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாஷ்பேசினுக்குப் போனாள். குழாயைத் திறந்து கண்ணில் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே நின்றாள்.

கிளீனரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். டாக்டர் அமலியை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது அவள் கையில் அந்த மாத்திரை டப்பா இருந்தது, போன தடவை ஒரு மாதம் சாப்பிட்டாளே, அதே மாத்திரை. கண்ணில் பட்டதற்கு ஆபத்து குறைவுதான், ஆனாலும் சாப்பிட்டாக வேண்டும், ரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். சந்திரா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அமலி முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: "இத்தையும் ஒரு கதையாக்கி நாலு பேராண்ட சொல்லிடாத நைனா."

முதலாளியின் நெற்றி

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ரப்பர் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அது ஒழுகிக்கொண்டே வந்தது. திருவள்ளூரில் இறங்கும்போது பார்த்தால் பேண்ட்டில் ஈரம் இருந்தது, அடையாளம் இல்லை. வீட்டுக்குப் போவதற்குள் ஈரமும் இல்லை. வாசலிலேயே நின்று பரணிக்குப் போன் போட்டேன். தம்பி, தண்ணீர் காய்ந்துவிடும், அதனால்தான் உன் காகிதம் வெள்ளையாக இருந்தது என்றேன். முதலாளி சாயத்தை நிறுத்தச் சொன்னபோது தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றான். முதலாளியிடம் அவனே போய்ப் பேசி, சோதித்துக் காட்ட ஒரு நாள் வாங்கினான். முதலாளி, சாயம் வேறு ரத்தம் வேறு, சாயம் தெறித்தால் ஊசி மேல் குற்றம் இல்லை என்றாராம். சரி, ரத்தத்திலேயே பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினேன். என்னிடம் இருக்கிறதே.

அமலி தானே வந்து போடுவதாகச் சொன்னாள். மாத்திரை மயக்கம், வரும் வழியில் பஸ்ஸை நிறுத்தி வாந்தி எடுத்திருந்தாள். முதலாளியின் மேஜைமேல் என் கையை நீட்டினேன். கையுறை ஒன்றை முடிச்சுப் போட்டுத் தோளருகே கட்டி, குத்தி, அழுத்தினாள். ஒன்றும் தெறிக்கவில்லை. முதலாளி பின்னால் சாய்ந்து புன்னகை செய்தார். பரணி தரையைப் பார்த்தான். அமலி கையுறையை அவிழ்த்து என் இன்னொரு கையில் கட்டினாள். முதலாளிக்குச் சுவாரசியம் வந்து, மூக்கு கிட்டத்தட்ட என் முழங்கையில் படுகிற மாதிரி குனிந்தார். அமலி அழுத்தினாள். அவர் நெற்றியில், விபூதிக்கு நடுவில், குங்குமம் வைத்த மாதிரி ஒரு பொட்டு. இதை நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆகவே மூக்குக் கண்ணாடியில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் துள்ளி எழுந்தார். கர்ச்சீப்பால் தேய்த்தார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், மறுபடி தேய்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்து, உமக்கு வியாதி கியாதி எதுவும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. என்னை நம்புவதை அவர் விட்டு எவ்வளவோ காலம் ஆகிறதே. நிஜமாகவே இல்லையே என்று மறுபடி கேட்டார். என் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே அமலி நிமிர்ந்து பார்த்தாள்: "இதே கேள்விய வாயத் தொறந்து கேக்கக் கூட ஆளில்லாம, தெனமும் மாத்திரை முழுங்கினு கீறேன் சார்."

வெல்டிங் கண்ணாடி

ஊசியை நிறுத்தினார்கள். பரணி மெதுவாக இழுக்கிற ஸ்பிரிங் போட்டு, கூட்டின் வாயில் ஒரு வளையம் வைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி, தன் வெள்ளைச் சட்டையைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறான். பழைய பெட்டிகள் குடோனில் இருக்கின்றன. அழிப்பதாகச் சொன்னார்கள், இன்னும் அழிக்கவில்லை. நான் காலையில் நாஷ்டா முடித்ததும் சைக்கிளில் போய் அவை அங்கேயே இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன். வாட்ச்மேனிடம், அதில் என் பெயரில் ஒரு பெட்டி தங்கம் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்தான், ஆனால் அவன் அங்கிருந்து கண்ணை எடுப்பதில்லை.

எமர்ஜென்சியில் மறுபடி பழைய ஊசிதான். அமலி மறுபடி ஸ்கேலால் மெத்தை ஓரத்தைத் தட்டுகிறாள். சிப்காட் பக்கம் ஹெல்மெட், பூட்ஸ் விற்கிற கடையில் போய் வெல்டர்கள் போடுகிற கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறாள். பட்டறை ஆட்கள் வந்தால், இன்னா சிஸ்டர், கைய வெல்டிங் வச்சு ஒட்டிடுவியா என்று கேலி செய்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். மாத்திரை முடிந்து, முதல் சோதனை முடிந்து, அடுத்ததும் முடிந்து, கடைசிச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று நான் அங்கே இருந்தேன். சந்திராவிடம் கூட அவள் சொல்லவில்லை. என்னை மட்டும் டீக்கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். டீயை ஆறவிட்டாள். ஆறின டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "நல்லபடியா வந்துச்சுன்னா எல்லாராண்டயும் சொல்லு நைனா, ஒரு வார்த்த மாத்தாம சொல்லு. வேற மாதிரி வந்துச்சுன்னா, இதுவும் நீ வுட்ட டூப்புல ஒண்ணுன்னு சொல்லிடு."

நல்லபடியாக வந்தது, அதனால்தான் நீங்கள் இதைப் படிக்கிறீர்கள்.

காலமெல்லாம் வாயை மட்டும் முதலீடாகப் போட்டு ஆயிரம் பொய்யை விற்ற நான், ஒரே ஒரு உண்மையை விற்பதற்கு இரண்டு கையையும் நீட்டி ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது, அதையும் வாங்கினவர் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார்.